பனி தேசத்தில் ஒரு மரத்திண்ணை

சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, நாங்கள் படித்த இக்கன்னியர்மடப் பாடசாலைக்கும் ஒருநாள் வந்தோம். கையில் இருந்த புகைப்படங்களுள் ஒன்றில், எங்கள் அம்மா ஒரு மர மேடையில் கதிரை போட்டு அமர்ந்திருந்தார். அதைப் பார்த்த அருட்சகோதரி ஒருவர், "இந்தத் திண்ணையைக் கட்டிய ஓடாவியார் யார்?" என்று கேட்டார். "நாங்கள்தான்" என்றோம். அவர் நம்பவில்லை. நம்பும்படி விளக்கியபின், "அப்படியானால் ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள், பிள்ளைகள் வாசிக்கட்டும்" என்று கட்டளையிட்டுவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரிடம் கணிதக் கொப்பியைக் கொடுக்கத் தாமதித்து நின்றவர்கள் நாங்கள். இம்முறையாவது சொன்ன தவணைக்குள் கொடுத்துவிட்டோம்.

கனடாவில் வீட்டின் பின்புறத்தில், நிலத்திலிருந்து சற்று உயர்த்தி, மரப்பலகைகளால் அமைக்கும் திறந்த மேடையை 'டெக்' என்பார்கள். கூரையில்லாத விறாந்தை எனலாம். பின்கதவைத் திறந்தால் அதன்மேல்தான் கால்வைக்க வேண்டும். ஆண்டில் ஐந்து மாதங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்கு, வெயில் வரும் மீதி நாட்களில் இதுவே முற்றம், இதுவே திண்ணை, இதுவே வத்தல் காயவைக்கும் இடம்.

நாங்கள் அக்காவும் தங்கையும் றொறன்ரோ நகரில் ஒரே வீட்டில் வசிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். எங்கள் வீட்டின் பின்கதவு நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறங்க ஆடிக்கொண்டிருந்த மூன்று மரப்படிகள் மட்டுமே இருந்தன. பனி விழுந்தால் அவை கண்ணாடிபோல் வழுக்கும்; பனி இல்லாத நாட்களிலும் அம்மா அவற்றில் இறங்கப் பயந்தார். யன்னலுக்குள் நின்று பக்கத்து வீட்டுக்காரரின் தக்காளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்து விலை கேட்டோம். அவர் சொன்ன தொகை எங்கள் இருவரின் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமம். ஆகவே நாங்களே கட்டுவதென்று முடிவுசெய்தோம்.

முதலில் எங்கள் தோல்வியைச் சொல்லிவிடுகிறோம். 2017ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் நான்கு குழிகள் தோண்டினோம். ஒவ்வொன்றும் இரண்டடி ஆழம். ஊரில் பந்தல்கால் நடவும் வேலிக்குக் கதியால் போடவும் இரண்டடி தாராளம் அல்லவா? குழிக்குள் மரத்தூணை நிறுத்திச் சீமெந்துக் கலவை ஊற்றினோம். மேலே சட்டம் அடித்துப் பலகை பரப்பினோம். கதவடிக்கும் பலகைக்கும் இடையில் ஒன்றரை அங்குல இடைவெளி விட்டோம். பார்க்க அழகாகவே இருந்தது. அயலவர்களும் பாராட்டினார்கள். எங்களுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

மார்ச் மாதத்தில் ஒருநாள் நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தோம். அம்மா மட்டும் வீட்டில். அடுப்பில் எண்ணெய் கருகிக் குசினி முழுவதும் புகை. புகையை வெளியேற்றப் பின்கதவைத் தள்ளியிருக்கிறார். அது வெளிப்புறமாகத் திறக்கும் கதவு. திறக்கவில்லை. இரண்டு கைகளாலும் தள்ளியும் அசையவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு முன்கதவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் மாலையில் நாங்கள் வந்தபோது, "என்ன பிள்ளையள், கதவுக்கு வெளியில ஆரோ கல்லு வைச்ச மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. தீ மூண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

டோர்ச் லைட்டுடன் போய்ப் பார்த்தோம். கதவுக்கு அருகே இருந்த மூலை இரண்டரை அங்குலம் மேலே எழும்பி நின்றது. தூண், அதைப் பிடித்திருந்த சீமெந்துக் கட்டி, அதன்மேல் சட்டம், பலகை எல்லாமே சேர்ந்து உயர்ந்திருந்தன. நிலமே அவற்றைத் தூக்கியிருந்தது!

நிலம் எப்படித் தூக்கும்? குளிர் என்றால் நமக்கு மார்கழி விடியற்காலைதான் நினைவுக்கு வரும். மிஞ்சினால் நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் புல்நுனியில் உறையும் பனியைச் சொல்வோம். றொறன்ரோவில் சில இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் வரை இறங்கும். கிழமைக்கணக்கில் பூச்சியத்துக்கு மேலே ஏறாமலும் இருக்கும். அப்போது மேலிருந்து கீழாக மண் உறைந்துகொண்டு போகிறது. உறைந்த மண் கருங்கல்லைப் போன்றது. அலவாங்கு போட்டால் தெறிக்கும்.

எங்கள் விஞ்ஞான வகுப்பில் சகோதரி செய்து காட்டிய பரிசோதனை ஒன்று உண்டு. போத்தல் நிறையத் தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, மடத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். மறுநாள் போத்தல் வெடித்திருந்தது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறக்குறைய 9 வீதம் கூடுகிறது என்று அன்று படித்தோம். மண்ணிலுள்ள ஈரமும் அப்படித்தான் பருத்து நிலத்தைத் தூக்குகிறது என்றே நாங்கள் நினைத்தோம். அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதியைக் கண்டறிந்து காட்டியவர் ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர். 1929, 1930ஆம் ஆண்டுகளில் அவருடைய ஆய்வுகள் வெளிவந்தன. அவர் செய்தது மிக எளிமையானது. மண்ணில் தண்ணீருக்குப் பதிலாகப் பென்சீன் என்ற திரவத்தை ஊறவைத்து உறையச் செய்தார். பென்சீன் உறையும்போது பருக்காது, சுருங்கும். ஆகவே மண் தாழ வேண்டும் அல்லவா? ஆனால் மண் மேலெழுந்தது! அப்படியானால் பருப்பது மட்டும் காரணம் அன்று. குளிர் இறங்கும் எல்லையில், மண்துகள்களுக்கிடையே மெல்லிய பனிக்கட்டித் தகடு ஒன்று உருவாகிறது. விளக்குத்திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல், அது கீழேயுள்ள உறையாத மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்துத் தடிக்கிறது. தகடு தடிக்கத் தடிக்க மேலேயுள்ள மண்ணெல்லாம் தூக்கப்படுகிறது. அந்த மண்ணோடு ஒட்டி உறைந்துபோன தூணும் கூடவே மேலே வருகிறது.

இதற்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும்: உறையும் குளிர், இழுப்பதற்குத் தண்ணீர், திரிபோல் இழுக்கக்கூடிய நுண்மண். பருமணலில் தண்ணீர் வடிந்துவிடும். அது அவ்வளவாக எழும்பாது. வண்டல் மண்ணே மிக மோசமானது. களிமண்ணும் லேசுப்பட்டதல்ல. எங்கள் வளவில் களியும் வண்டலும் கலந்திருந்தன. தண்ணீருக்கும் குறைவில்லை. கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய், எழும்பிய அந்தத் தூணின் அடியில்தான் கொட்டிக்கொண்டிருந்தது! தெருவெல்லாம் தேடி விடை வீட்டு மூலையில் கிடந்தது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வசந்தத்தில் பனி உருகியதும் தூண் பழைய இடத்துக்கே இறங்கிவிடும் என்று எண்ணினோம். மே மாதத்தில் அளந்தபோது ஓர் அங்குலம்கூட முழுதாக இறங்கியிருக்கவில்லை. தூண் எழும்பியபோது அதன் அடியில் உண்டான வெற்றிடத்துக்குள் மண் சரிந்து நிரம்பிவிடுகிறது. பிறகு எப்படி இறங்கும்? அடுத்த குளிர்காலத்தில் அங்கிருந்து மீண்டும் எழும்பும். ஆண்டுக்கு ஆண்டு படியேறுவதுபோல் ஏறிக்கொண்டே போகும்.

இதற்குப் பரிகாரம் என்ன? அந்நாட்டவர்கள் வெகுகாலமாகக் கைக்கொள்ளும் வழிகள் மூன்று.

முதலாவது, குளிர் எட்டாத ஆழத்துக்குப் போய்விடுவது. மண் எவ்வளவு ஆழத்துக்கு உறையும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஒன்ராறியோ மாகாணத்தின் தென்பகுதியில், எங்கள் நகரத்தையும் சேர்த்து, அத்திவாரம் 1.2 மீற்றர், அதாவது நான்கடி, ஆழத்தில் அமையவேண்டும் என்பது வழமை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக் கட்டட விதி, தென்பகுதிக்கு மூன்றரை அடியும் வடபகுதிக்கு ஐந்தடியும் கேட்கிறது. வின்னிபெக் போன்ற இடங்களில் இன்னும் ஆழம் வேண்டும்.

இரண்டாவது, நிலத்தை எதிர்த்துப் போராடாமல் அதனோடு இணங்கிப் போவது. குழியே தோண்டாமல், மேல்மண்ணை வழித்து, சரளை பரப்பி, சீமெந்துக் குற்றிகளை வைத்து, அவற்றின்மேல் தாழ்வான மேடையை அமர்த்திவிடுவார்கள். குளிர்காலத்தில் முழு மேடையும் தோணிபோல் எழும்பும், கோடையில் இறங்கும். செலவில் இதுவே மிகக் குறைந்தது. ஆனால் இதை ஒருபோதும் வீட்டுச் சுவரோடு பிணைக்கக் கூடாது. வீடு அசையாது, மேடை அசையும், இரண்டையும் பிணைத்தால் ஏதாவதொன்று முறிய வேண்டியதுதான். கதவிலிருந்து தள்ளி, தோட்டத்து நடுவில் மேடை வேண்டும் என்பவர்களுக்கு இதையே நாங்கள் சொல்வோம். கதவடியில் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, பெரிய திருகாணி போன்ற இரும்புத் தூண்களை இயந்திரத்தால் நிலத்துக்குள் திருகி இறக்குவது. ஒரே நாளில் வேலை முடியும், மண் கிளறுப்படாது. ஆனால் ஆளும் இயந்திரமும் வரவேண்டும். விலையைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டோம்.

ஆக, நான்கடிக் குழியே எங்களுக்கு வாய்த்தது. 2018ஆம் ஆண்டு கோடையில் பழையதைக் கழற்றி எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். இம்முறை தோண்டுமுன் கடதாசியில் கணக்குப் போட்டோம்.

மலிவாகக் கட்டுவதன் இரகசியம் பெரும்பாலும் இக்கணக்கில்தான் இருக்கிறது. அங்கே மரம் 8, 10, 12, 16 அடி நீளங்களில் விற்பனைக்கு வரும். பதினோரடி மேடை கட்டுகிறவர் பன்னிரண்டடிப் பலகை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஓரடியை வெட்டி எறிய வேண்டும். ஆகவே சுவரோரமாக 12 அடி, வெளிநோக்கி 10 அடி என்று வைத்தோம். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கடையில் 'இரண்டுக்கு எட்டு' என்று சொல்லும் மரம் உண்மையில் ஒன்றரை அங்குலத் தடிப்பும் ஏழேகால் அங்குல அகலமும் உடையது. அறுத்து, உலர்த்தி, சீவியபின் மிஞ்சும் அளவு அது. பெயரை நம்பிக் கணக்குப் போட்டால் கடைசியில் உயரம் பிழைக்கும். எங்களுக்கு முதல் முறை பிழைத்தது.

எங்கள் வரைபடம் இதுதான். சுவருக்கு இணையாக இரண்டு தீராந்திகள். ஒவ்வொன்றும் இரண்டுக்கு எட்டு மரங்கள் இரண்டை ஒன்றாகப் பிணைத்தது. ஒன்று சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மற்றது வெளிவிளிம்பிலிருந்து ஓரடி உள்ளே. ஒவ்வொரு தீராந்திக்கும் மூன்று கொங்கிறீற்றுத் தூண்கள், மொத்தம் ஆறு. தீராந்திகளுக்குக் குறுக்கே 16 அங்குலத்துக்கு ஒன்றாகப் பத்துச் சட்டங்கள். அவற்றின்மேல் ஐந்தரை அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள 22 பலகைகள். வெட்டு விழுந்தது மிகச் சொற்பம். மிஞ்சிய துண்டுகள் எல்லாம் ஒரு வாளிக்குள் அடங்கின.

வீட்டுச் சுவரில் ஏன் பொருத்தவில்லை என்று கேட்கலாம். பொருத்தினால் மூன்று தூண்கள் மிச்சம்தான். ஆனால் அங்குள்ள பல வீடுகளில் வெளியே தெரியும் செங்கல், நம் ஊரில்போல் சுமை தாங்கும் சுவர் அன்று. உள்ளேயுள்ள மரச்சட்டச் சுவருக்குப் போர்த்திய ஒற்றைச் செங்கல் சட்டை அது. அதில் மேடையைத் தொங்கவிடலாகாது. மரச்சுவருள்ள வீடுகளில் பொருத்துகிறார்கள். அப்போதும் தடித்த மரையாணிகளால் பிணைத்து, தண்ணீர் உட்புகாதபடி தகடு மடித்து வைக்கவேண்டும். வெறும் ஆணியடித்துத் தொங்கவிட்ட மேடைகள் ஆணி கழன்று ஆட்களுடன் விழுந்ததுண்டு. ஆகையால் எங்கள் மேடை சுவரைத் தொடாமல், ஓர் அங்குலம் விலகித் தன் காலிலேயே நிற்கிறது.

தோண்டுமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. நிலத்தின்கீழ் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று அறியவேண்டும். ஒன்ராறியோவில் அதற்கென ஒரே தொலைபேசி அழைப்பு போதும். வந்து பார்த்து நிலத்தில் நிறப்பூச்சால் கோடிட்டுப் போவார்கள், காசு வாங்கமாட்டார்கள். 2012ஆம் ஆண்டு இயற்றிய சட்டப்படி இது கட்டாயமும் ஆகும். முதல் முறை நாங்கள் இதைச் செய்யவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். இம்முறை மஞ்சள் கோடு எங்கள் பழைய குழி ஒன்றிலிருந்து ஒரு முழ தூரத்தில் ஓடியது. அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிறிதுநேரம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மூலைகள் செங்கோணமாக அமைய நூல் கட்டினோம். இங்கே கைகொடுத்தது பைதகரசு தேற்றம். ஒரு பக்கத்தில் 6 அடி, மறுபக்கத்தில் 8 அடி குறித்து, இரு குறிகளுக்கிடையே சரியாக 10 அடி வந்தால் மூலை செங்கோணம். பின்னர் மூலைவிட்டம் இரண்டையும் அளந்தோம். 12க்கு 10 செவ்வகத்தின் மூலைவிட்டம் 15 அடி 7 அங்குலத்துக்குச் சற்று மேல். இரண்டும் ஒத்து வந்தன. கணிதக் கொப்பியைத் தாமதமாகக் கொடுத்தவர்களுக்கு இது மோசமில்லை.

தோண்டுவதுதான் மலை. முதல் இரண்டடி மண்வெட்டிக்கு மசிந்தது. அதற்குக் கீழே களி. நீண்ட பிடியுள்ள இரட்டைக் கரண்டிபோன்ற கருவியால் கிள்ளிக் கிள்ளி எடுக்கவேண்டும். மூன்றாம் குழியில் மூன்றடி ஆழத்தில் ஒரு கல் வழிமறித்தது. இயந்திரத் துளைகருவியை ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். கல்லில் பட்டதும் அது எங்களையே சுழற்றி எறியப் பார்த்தது. பழையபடி அலவாங்கு! ஆறு குழிகளுக்கும் மூன்று வார இறுதிகள் சென்றன. அத்தான் ஒரு வார இறுதி உதவிக்கு வந்தார். மற்றவற்றுக்கு அவருக்கு முதுகுப் பிடிப்பு வந்துவிட்டது. அம்மா யன்னலடியிலிருந்து ஒவ்வொரு குழிக்கும் அளவுகோலைக் காட்டச் சொன்னார். நான்கடிக்கு இரண்டங்குலம் குறைந்தாலும், "இன்னும் கிண்டுங்கோ" என்பார்.

குழிக்குள் 12 அங்குல விட்டமுள்ள தடித்த கடதாசிக் குழாயை இறக்கி, அதற்குள் கலவை ஊற்றவேண்டும். கடதாசி எதற்கு? வெறும் குழிக்குள் ஊற்றினால் தூணின் பக்கங்கள் கரடுமுரடாக அமையும். உறையும் மண் அவற்றைப் பற்றிப் பிடித்துத் தூக்கும். குழாயின் உட்புறம் வழுவழுப்பானது. அதற்குள் இறுகிய தூணின் பக்கத்தில் மண்ணுக்குப் பிடி கிடைப்பது அரிது. அடிப்பாகத்தைச் சற்று அகலித்துவிட்டால் நங்கூரம்போல் இன்னும் உறுதி. 30 கிலோ கலவைப் பை தூணுக்கு ஏழு வீதம் 42 பைகள் வேண்டியிருந்தன. ஒன்றேகால் தொன்னுக்கும் மேல். அனைத்தையும் மரக்கைவண்டியில் நாங்களே கலந்தோம். வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே இறங்கும் நாட்களில் கொங்கிறீற்று ஊற்றக் கூடாது; இறுகுமுன் உறைந்தால் வலிமை போய்விடும். ஆகவேதான் அந்நாட்டில் இவ்வேலைக்கு வைகாசி முதல் புரட்டாதி வரையே காலம். பீலிக் குழாயையும் நீட்டி, தண்ணீரை மேடைக்கு அப்பால் கொட்டச் செய்தோம். மொத்த வேலையிலும் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் அதுவே என்பது எங்கள் எண்ணம்.

மரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பனையும் முதிரையும் கண்ட நமக்கு அங்குள்ள ஊசியிலை மரம் மென்மையாகத் தோன்றும். மழையிலும் பனியிலும் கிடந்தால் சில ஆண்டுகளில் உக்கிவிடும். அதைத் தடுக்க, செம்பு கலந்த இரசாயனக் கரைசலை அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்துகிறார்கள். இதில் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றுண்டு. செம்பு, குரோமியம், ஆசனிக்கு மூன்றும் சேர்ந்த கலவையை 1933இல் கண்டுபிடித்தவர், இந்தியாவின் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசன் என்ற விஞ்ஞானி. பல பத்தாண்டுகள் வட அமெரிக்காவின் வீட்டுத் திண்ணைகளெல்லாம் அவருடைய முறையால்தான் உக்காமல் நின்றன. ஆசனிக்கு நஞ்சு என்பதால் 2003ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டுப் பாவனைக்கான மரங்களில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது வருவது செம்பை அதிகமாகக் கொண்ட வேறு கரைசல்.

இதனால் இரண்டு எச்சரிக்கைகள். அயலவர் ஒருவர் தமது பழைய மேடையைக் கழற்றி, மரத்தை இலவசமாகத் தருவதாகச் சொன்னார். அது 1990களில் கட்டியது. ஆசை இருந்தும் மறுத்துவிட்டோம். அத்தகைய மரத்தை அறுக்கும் தூளும் நல்லதன்று. எரித்தால் வரும் புகையும் சாம்பலும் அதைவிடக் கெடுதி. இரண்டாவது, புதிய கரைசலிலுள்ள செம்பு சாதாரண இரும்பை விரைவில் அரித்துவிடும். ஆகவே தடித்த நாகமுலாம் பூசிய அல்லது துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளையே வாங்கவேண்டும். பலகைகளுக்கு மட்டும் 440 திருகாணிகள் சென்றன. காசை மிச்சம்பிடிக்கும் இடம் இதுவன்று. அறுத்த முனைகளில் உட்புறம் பச்சை மரம் தெரியும்; அங்கெல்லாம் காப்புத் திரவத்தைத் தூரிகையால் பூசினோம்.

எவ்வளவு சுமையைத் தாங்கவேண்டும்? சதுர அடிக்கு 40 இறாத்தல் என்பது அங்கே வழங்கும் அடிப்படைக் கணக்கு. பனி அதைவிட அதிகமாகக் குவியும் ஊர்களில் பனியின் கணக்கே ஆளும். எங்கள் 120 சதுர அடிக்கு அது 4,800 இறாத்தல். இரண்டு தொன்னுக்கு மேல். ஓரடி உயரத்துக்குப் புதுப்பனி விழுந்தால் ஏறக்குறைய 340 கிலோ பாரம். அது பஞ்சுபோல் தெரிந்தாலும் நாட்பட அமுங்கி, மேலே மழையும் பெய்தால் பாரம் பன்மடங்காகும். இக்கணக்கை அலட்சியம் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சிக்காகோ நகரம் சாட்சி. 2003 யூன் 29ஆம் திகதி அங்கே ஒரு விருந்தின்போது, மாடிவீட்டின் பின்புற மரமேடை இடிந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. பதின்மூன்று இளைஞர்களும் யுவதிகளும் இறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள்.

மேடையின் உயரத்தைப் பற்றி மாநகரசபையில் விசாரித்தோம். எங்கள் நகரில் நிலத்திலிருந்து 60 சதமமீற்றருக்கு, அதாவது இரண்டடிக்கு, உட்பட்ட திறந்த மேடைக்கு அனுமதிப்பத்திரமும் கைப்பிடி வேலியும் வேண்டியதில்லை. அதற்கு மேலானால் இரண்டும் தேவை. வேலிக் கம்பிகளுக்கிடையே 10 சதமமீற்றர்ப் பந்து புகவும் கூடாது. குழந்தையின் தலை அகப்படாதிருக்க இந்த ஏற்பாடு. ஊருக்கு ஊர் விதி மாறும், கேட்டறிவதே நல்லது. எங்கள் மேடை 20 அங்குலம். சட்டம் கேட்காவிட்டாலும் அம்மாவுக்காக ஒரு பக்கம் கைப்பிடி வைத்தோம்.

கதவடிக்கும் பலகைக்கும் இடையில் இம்முறை நான்கு அங்குலம் விட்டோம். நிலம் எழும்பாதபோதும் பனி குவியும் அல்லவா? பனி விழுந்ததும் பிளாஸ்டிக் சவளால், பலகை ஓடும் திசையிலேயே தள்ளுகிறோம். குறுக்கே தள்ளினால் விளிம்புகள் பெயரும். உப்புத் தூவுவதில்லை, அது திருகாணிகளைத் தின்னும். வழுக்கினால் மணல் தூவுகிறோம். மேடையில் வேறொன்றும் மினக்கெடவில்லை. நிறம் பூசவும் இல்லை. தானாகச் சாம்பல் நிறமாகிவிட்டது.

செலவைக் கூட்டிப் பார்த்தபோது, ஒப்பந்தக்காரர் கேட்டதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகமாக வந்தது. முதல் முறை வீணாக்கியதையும் சேர்த்தால் பாதி. அதைக் கணக்கிலிருந்து மறைக்க விரும்பவில்லை.

ஒவ்வொரு ஏப்பிரில் மாதத்திலும், நிலம் இளகியதும், நீர்மட்டத்தை எடுத்துக்கொண்டு போய் ஆறு தூண்களின் மேலும் வைத்துப் பார்க்கிறோம். அம்மாதான் குமிழியைப் பார்த்துச் சொல்பவர். வெளிப்புறத்து வலதுபக்கத் தூண் மட்டும் ஒரு நூல் அளவு ஏறியிருக்கிறது. அது கல் மறித்த மூன்றாம் குழி. மற்ற ஐந்தும் இருந்தபடியே இருக்கின்றன. கதவு ஒருநாளும் இறுகவில்லை. இரண்டு பலகைகள் மட்டும் வெடித்துவிட்டன. வருகிற வைகாசியில் மாற்றவேண்டும். அதுவரை அவற்றின்மேல் மோர்மிளகாய்ச் சுளகுதான்.